முனிகிருஷ்ணனின் பதினொரு ஒன்றுகள்

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் எதிர்வீட்டு முனிகிருஷ்ணனுக்கு மின்சார மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலை. நாளெல்லாம் எண்களைப் பார்க்கிறவர் வீட்டுக்கு வந்த பிறகாவது பெண்டாட்டி பிள்ளை முகத்தைப் பார்க்கலாம். மாட்டார். எந்த எண்ணைக் கண்டாலும் ஒற்றை இலக்கம் வரும்வரை அதன் இலக்கங்களைக் கூட்டுவார். கடைசியில் நான்கு வந்தால் ராகு, எட்டு வந்தால் சனி. அந்தப் பஸ்ஸில் ஏறமாட்டார், அந்த டோக்கனைத் தொடமாட்டார்.

இது சின்னக் கிறுக்கு. பெரிய கிறுக்கு வேறு. பதினொரு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் ஆயிரத்து நூற்றுப் பதினொரு கோடியே சொச்சம் வருகிறதல்லவா, அது பகா எண் என்று நிரூபிக்கக் கிளம்பியிருந்தார். "முன்னாடி படிச்சாலும் பின்னாடி படிச்சாலும் ஒண்ணுதான் சார். சுத்தமான நம்பர். எவனாலயும் பங்கு போட முடியாது" என்று வீதியில் போகிறவனையெல்லாம் நிறுத்திச் சொல்வார். அதற்கு ஒரு லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம் வரை உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். நான்கு வருஷம், பதினேழு நோட்டு. அந்த நேரத்தில் ஒழுகுகிற கூரையை அடைத்திருந்தால் அவர் மனைவி யசோதா மழைக்கு மழை வாளியோடு அலைந்திருக்க வேண்டாம்.

போன ஜூனில் மகள் வீணாவுக்குக் கல்லூரியில் கணிதம் படிக்க இடம் கிடைத்தது. பெற்றோர் கையெழுத்தோடு மறுநாளே படிவத்தைக் கொடுக்க வேண்டும். விண்ணப்ப எண் 30271819. கூட்டினார், நான்கு வந்தது. பேனாவை மூடிவிட்டார். நான் சமாதானம் சொல்லப் போனேன்; காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீணாதான் கேட்டாள். "அப்பா, கூட்டினா நாலு எட்டு வர்ற நம்பரால எல்லாம் வகுத்தீங்களா?"

"அதுங்கள எவன் தொடுவான்? பீடை."

மூன்றில் ஒரு பங்கைத் தொடாமலேதான் ஐயா நான்கு வருஷமாக மார்தட்டியிருக்கிறார்!

வீணா கைப்பேசியில் தட்டினாள். "21649. இதால வகுங்க. மீதி வரலன்னா கையெழுத்துப் போடணும்."

"வராம எங்க போவும்?"

கைப்பேசியை நம்பாத மனுஷன் தாளில் வகுத்தார். ஈவு 513239, மீதி ஒன்றுமில்லை. மறுபடியும் வகுத்தார். இல்லை. முகம் செத்துப்போயிற்று. எனக்குப் பாவமாக இல்லை, சந்தோஷமாகவே இருந்தது.

பிறகு அந்த 21649ஐக் கூட்டினார். இருபத்திரண்டு, அதாவது நான்கு. முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா? நாலு என் நம்பரையே கெடுத்துடுச்சு. உன்னையும் கெடுக்கணுமா? போட மாட்டேன்."

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை. வீணா அழ ஆரம்பித்தாள்.

சமையலறையிலிருந்து யசோதா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "அப்பாதான் போடணும்னு அதுல எழுதியிருக்கா?"

வீணா படிவத்தைப் பார்த்தாள். "இல்லம்மா. அப்பாவோ அம்மாவோ."

பதினெட்டு வருஷமாக அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது. முனிகிருஷ்ணன் வாயைத் திறப்பதற்குள் யசோதா பேனாவை வாங்கி, இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த கன்னடத்தில், நிதானமாகத் தன் பெயரை எழுதினாள்.