வரிசையின் கடைசிக் குடம்

பால்வாடியில் பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியிலிருந்து எல்லம்மாளின் மகள் மளிகைக் கடைக்குப் போன் பண்ணியிருக்கிறாள். கடைக்காரர் வாசலில் நின்றபடியே சொன்னார்: "டீச்சர், மெம்பரு போய்ட்டாங்க." எந்த மெம்பர் என்று நான் கேட்கவில்லை. இப்போது பதவியில் இருக்கிறவரை எங்கள் வார்டில் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். தேர்தலில் தோற்றுப்போய் இத்தனை வருஷம் ஆன பிறகும் மெம்பர் என்றால் எல்லம்மாள்தான். நான் எழுந்திருக்கவில்லை. கையில் இருந்த மாவை உருட்டி முடித்தேன். பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தன. பசிக்குச் சாவு தெரியாது.

சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். இரண்டு மாதமாக இழுத்துக்கொண்டிருந்தது. எதிர்பார்த்த சாவுதான். எதிர்பார்த்ததால் வலி குறைந்துவிடவில்லை.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இருந்தாலும் எங்கள் வார்டைத் தெரியாதவர்கள் யாராவது படிக்கக்கூடும். ஒரகடத்துக்கும் வடக்குப்பட்டுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். ஊரில் யாருக்கும் வேண்டாத வார்டு எங்களுடையது. ஒரு காலனி, ஏரிக்கரையில் இரண்டு தெரு, அதற்குப் பின்னால் ஏகாம்பரத்தின் லைன் ரூம்கள், அவ்வளவுதான். ஏகாம்பரம் நிலத்தைக் கம்பெனிக்கு விற்ற காசில் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டவர். அந்த நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்துப் பிழைத்தவர்கள் காலனிக்காரர்கள். நிலம் போனதும் அவர்களுக்குக் கூலியும் போயிற்று.

வருஷா வருஷம் வீட்டுக்கு வீடு போய் ஆள் கணக்கு எடுப்பது என் வேலை. எடுத்து எடுத்து அலுத்துப்போன வேலை. காலனி வீடுகளில் வயதானவர்களும், பத்தாவது முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் பிள்ளைகளும் இருப்பார்கள். லைன் ரூமில் ஒரு அறைக்கு ஆறேழு பேர், அத்தனையும் தெற்கத்திப் பையன்கள். பகல் ஷிப்டுக்காரன் எழுந்த பாயில் நைட் ஷிப்டுக்காரன் வந்து படுப்பான். கம்பெனிகளுக்கு ஆள் எடுக்கும் காண்ட்ராக்டர்கள் உள்ளூர்ப் பிள்ளைகளைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். உள்ளூர்க்காரன் திருவிழா, சாவு என்று லீவு போடுவானாம், சங்கம் சேர்ப்பானாம். ஆக, ஓட்டு இருப்பவனுக்கு வேலை இல்லை, வேலை இருப்பவனுக்கு இங்கே ஓட்டு இல்லை. தண்ணீர் மட்டும் இரண்டு பேருக்குமே இல்லை.

எல்லம்மாள் நாற்று நடப் போய்க்கொண்டிருந்தவர். வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கியபோது, எதிர்த்துப் பேசத் தெரியாத ஒருத்தி வேண்டும் என்று தேடி ஊர்ப் பெரிய மனிதர்கள் அவரைத் தேர்தலில் நிறுத்தினார்கள். அவருடைய தொண்டையை யாரும் அதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது. வயலில் அவர் பாட்டெடுத்தால் ஏரிக்கரைத் தெருவில் எனக்குக் கேட்கும்.

எங்கள் குழாயில் ஒரு வழக்கம் உண்டு. விடியற்காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். அதனால் முந்தின சாயங்காலமே குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் போய்விடுவோம். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அடுத்தவர் குடத்தை யாரும் நகர்த்த மாட்டார்கள். லைன் ரூம் பையன்களிடம் குடம் ஏது? பெயிண்ட் வந்த பிளாஸ்டிக் பக்கெட்டைக் கழுவி வைத்திருந்தார்கள். அதுதான் குளிக்கவும் சமைக்கவும். பக்கெட் குடம் ஆகாது என்று எங்கள் பெண்கள் அதை ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். வரிசையில் எனக்குப் பின்னால் நிற்கிற குடத்தைப் பற்றி எனக்கென்ன?

ஒரு நாள் இசக்கிமுத்து நைட் ஷிப்டு முடிந்து அப்படியே குழாயடிக்கு வந்தான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. அவன் முந்தின நாள் வைத்துவிட்டுப் போன பக்கெட் சாக்கடை ஓரம் கிடந்தது. மறுபடி வரிசையில் வைக்கப் போனவனைக் காலனியில் இருக்கும் கன்னியம்மாள் தடுத்தாள். "ரேஷன் கார்டு கீதா? ஓட்டு கீதா? இன்னாத்துக்கு வந்து நிக்கிற?" அவன் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான். அவ்வளவு அசதி.

எல்லம்மாளின் குடம் அன்று இரண்டாவதாக இருந்தது. ஊதா நிறப் பிளாஸ்டிக் குடம், கழுத்தில் விட்ட விரிசலைச் சூடு காட்டி ஒட்டியிருப்பார். அதை எடுத்து வரிசையின் கடைசியில் கொண்டுபோய் வைத்தார். இரண்டாவது இடத்தில் பக்கெட்டை வைத்தார். "அவனும் குளிக்காத நாறிக்கினுதான கீறான், நம்ம வார்டுலதான நாறிக்கினு கீறான்?" என்றார். கன்னியம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து ரூமுக்கு ஒரு பக்கெட் வரிசையில் நின்றது. மெம்பர் குடம் கடைசியில் நின்றது.

இதற்காக நான் அவரோடு சண்டையே போட்டிருக்கிறேன். கடைசிக் குடத்துக்குத் தண்ணீர் வராது, வந்தாலும் கலங்கலாகக் கால் குடம் வரும். "உங்க வூட்டுக்குத் தண்ணி வேணாமாக்கா? இது இன்னா வீம்பு?" என்று கேட்டேன். அவர் சொன்னது இது: "வீம்பு இல்ல டீச்சர். என் குடம் ரொம்பிச்சின்னா வார்டு ரொம்பிச்சின்னு அர்த்தம். பின்ன எப்டி நான் தெரிஞ்சிக்கிறது?" எனக்குக் கோபம் மட்டும் போகவில்லை. அவருக்கு என் குடத்திலிருந்து ஊற்றப் போனால் அதற்கும் ஒத்துக்கொள்ள மாட்டார். "நீ ஊத்திட்டா கணக்கு தப்பிப்பூடும்" என்பார்.

லைன் ரூம் பக்கம் தனியாக ஒரு குழாய் வேண்டும் என்று அவர் கேட்க ஆரம்பித்தார். முதலில் ஏகாம்பரத்திடம்தான் போனார். "ரூமு வாடகைக்கு உட்டேன், ஏரியையா வாடகைக்கு உட்டேன்?" என்று அவர் அனுப்பிவிட்டார். பிறகு பஞ்சாயத்துக் கூட்டம் ஒவ்வொன்றிலும் கேட்டார். ஓட்டில்லாதவனுக்குக் குழாய் எதற்கு என்றார்கள். ஒரு கூட்டத்துக்கு அந்த ஊதாக் குடத்தையே இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார். அடியில் கொஞ்சம் தண்ணீர். தலைவர் மேஜை மேல் வைத்து, "எட்டிப் பாருங்க, இதான் எங்க வார்டு" என்றாராம். வைத்த வேகத்தில் குடம் சாய்ந்து, மேஜையில் இருந்த காகிதமெல்லாம் நனைந்து, கூட்டமே எழுந்து நின்றதாகப் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தாலும் குழாய் வந்தது. பதவிக் காலம் முடியப்போகிற சமயத்தில், ஒரு சின்னத் தொட்டியோடு வந்தது. பையன்கள் அன்றைக்கு மெம்பருக்குச் சோன்பப்டி வாங்கிக் கொடுத்தார்கள். சர்க்கரை வியாதிக்காரி மறைத்து மறைத்துத் தின்றார்.

அடுத்த தேர்தலில் அவர் மறுபடி நின்றார். ஏகாம்பரம் வேறொரு பெண்ணை நிறுத்தினார். எல்லம்மாள் ஜெயித்துவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். கெடுத்தது யார் என்றால் அவர்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள்தான்.

லைன் ரூம் பையன்களின் ஓட்டெல்லாம் அவரவர் ஊரில் இருந்தது. ஓட்டுப் போட முடியாவிட்டால் என்ன, ஓட்டுக் கேட்கலாமே என்று கிளம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை. இசக்கிமுத்துவோடு ஒரு கூட்டமே வந்தது. அத்தனை பேரும் கம்பெனி யூனிபாரம் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டுப் போட்டிருந்தார்கள். அவர்களிடம் இருந்ததிலேயே மரியாதையான உடுப்பு அதுதான். ஊரில் பெண் பார்க்கப் போனாலும் அதைத்தான் போட்டுக்கொண்டு போவார்கள். அந்தச் சட்டையோடு காலனியில் வீடு வீடாக ஏறிக் கைகூப்பினார்கள்.

எந்த வீட்டில் அந்தச் சட்டைக்காக ஒரு பிள்ளை கேட்டில் காத்து நின்று திரும்பி வரவில்லை? கன்னியம்மாள் வீட்டு வாசலில் நான் இருந்தேன். அவள் மகன் அப்போதுதான் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டு வந்து உள்ளே படுத்திருந்தான். இசக்கிமுத்து வணக்கம் சொல்லி, "மெம்பரக்காவ மறந்துராதிய" என்றான். கன்னியம்மாள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையையே பார்த்தாள். "இந்தச் சட்டைக்கோசரம் எம்புள்ள எத்தினி கேட்டாண்ட நின்னுட்டு வந்தான் தெரியுமா? இத்தப் போட்டுக்கினு எங்களாண்டயே வந்து ஓட்டு கேக்கறியா?" அவனுக்கு விளங்கவில்லை. மறுபடியும் கைகூப்பினான். சாயங்காலத்துக்குள் காலனி முழுக்க ஒரே பேச்சு: அவ நம்ம மெம்பரு இல்ல, சட்டைக்காரங்களோட மெம்பரு.

கொஞ்ச ஓட்டில்தான் தோற்றார். ரிசல்ட் வந்த அன்று இசக்கிமுத்து அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதான். எல்லம்மாள் அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தார். "நல்லதுக்குத்தான் வந்த. அந்தச் சட்டைய மட்டும் கழட்டிப் போட்டுட்டு வந்திருக்கலாம்டா" என்றார். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. கன்னியம்மாளையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "அவ வயிறு எரிஞ்சா அவ இன்னா பண்ணுவா?" என்பார். பிறகு ஒரு கம்பெனி கேண்டீனில் தட்டுக் கழுவப் போனார். ஈரத்திலேயே நின்று நின்று கால் புண்ணானது அங்கேதான். அப்போதும் குடத்தை வரிசையில் கடைசியில்தான் வைத்தார். "இப்ப நீங்க மெம்பரே இல்லியேக்கா" என்று ஒரு நாள் வாய் விட்டுவிட்டேன். "வார்டு இருக்குதில்ல?" என்றார். களைப்பாகத்தான் சொன்னார்.

அவரை மதியம் கொண்டுவந்தார்கள். சொந்தமென்று மகள் ஒருத்திதான். கூட்டம் நிறைய. முதல் ஷிப்டு விட்டதும் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி லைன் ரூம் பையன்கள் நேராக வந்தார்கள். தெருமுனையில் நின்றார்கள். இசக்கிமுத்து முதலில் சட்டையைக் கழற்றினான். மற்றவர்களும் கழற்றினார்கள். வெற்று உடம்போடு உள்ளே வந்து மகளிடம் கேட்டான்: "எங்க ஊர்ல நீர்மாலைன்னு எடுப்போம்க்கா. பெத்த பிள்ளையதான் போய்த் தண்ணி எடுத்தாந்து குளிப்பாட்டணும். அக்காவுக்கு ஆம்பளப் பிள்ளை இல்லேல்லா. நாங்க எடுக்கட்டுமா?" எங்கள் தெருவில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. மகள் எழுந்துபோய் அந்த ஊதாக் குடத்தைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

சட்டைகளை மடித்துத் தரையில் வைக்கப் போனார்கள். கன்னியம்மாள் கையை நீட்டினாள். அத்தனையையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒரு வேட்டியை விரித்து நாலு பேர் முனையைப் பிடிக்க, அதன் நிழலில் குடத்தோடு இசக்கிமுத்து குழாயடிக்குப் போனான். மதியத்தில் குழாயில் ஏது தண்ணீர்? அவர் கொண்டுவந்த தொட்டியும் காய்ந்து கிடந்தது. குழாயைத் திருகிவிட்டு அப்படியே நின்றார்கள். அதற்குள் கன்னியம்மாள் மடியிலிருந்த சட்டைகளை என்னிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். காலையில் பிடித்து வைத்த தண்ணீரில் ஒரு சொம்பு மொண்டு வந்து குடத்தில் ஊற்றினாள். அப்புறம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சொம்பு வந்தது. ஏகாம்பரம் வீட்டிலிருந்துகூட வந்தது. நானும் ஊற்றினேன். அத்தனை வருஷத்தில் அந்தக் குடம் விளிம்பு வரை நிறைந்து நான் பார்த்தது அன்றுதான். அதுவும் நாங்கள் ஊற்றி நிறைந்தது. அவர் இருந்திருந்தால் கணக்கு தப்பு என்று சொல்லியிருப்பார்.

ஊர் அன்றோடு திருந்திவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். காரியம் முடிவதற்குள் கன்னியம்மாளுக்கும் லைன் ரூமுக்கும் மறுபடி குழாயடியில் சண்டை. லைன் ரூம் குழாய் காய்ந்தால் பையன்கள் இங்கேதான் வரவேண்டும். பழைய குழாய், பழைய வார்த்தைகள். மகள் ஊருக்குக் கிளம்பும்போது எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். குடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். தினமும் சாயங்காலம் என் குடத்தை அதன் இடத்தில் வைத்துவிட்டு, இதைக் கொண்டுபோய்க் கடைசியில் வைக்கிறேன். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எனக்குப் பின்னால் யார் குடம் நிற்கிறது என்று இப்போதெல்லாம் திரும்பிப் பார்க்கிறேன். அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது அவ்வளவுதான்.

இன்று காலையும் கால் குடம்தான் வந்தது, கலங்கலாக. எல்லம்மாக்கா, வார்டு இன்னும் ரொம்பல.