வினாகிரித் துணியில் சீஸ்

சீகிரியா ஹோட்டலில் சமையல் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், உக்குவளைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு ஒரு துண்டு சீஸ் கொண்டுவந்தார். வினாகிரி என்னும் புளிக்காடியில் நனைத்த துணியில் சுற்றி, ஈரமணலில் பதித்த சட்டிக்குள் வைக்கச் சொல்லிவிட்டு ஹோட்டலுக்குத் திரும்பிப் போனார்.

அடுத்த நாளே கலவரம். பாதையை மூடிவிட்டார்கள். மூன்று வாரமாக அவர் வரவில்லை. அவருக்கென்று நான் அதைத் தொடவேயில்லை. கொழுந்து பறித்துக் களைத்து வந்து, தினமும் பூசணத்தைச் சீவித் துணி மாற்றினேன். பிள்ளைக்குக்கூட அத்தனை துணி மாற்றியதில்லை. புளியங்கொட்டை அளவுதான் மிஞ்சியது.

வந்தவரிடம் அதை நீட்டினேன்.

"ஐயோ, வேணாம். ஹோட்டலுக்கு வெள்ளக்காரன் ஒருத்தனும் வரல. மூணு வாரமா நாங்க இதத்தான் தின்னுக்கிட்டு கெடந்தோம். சோறு இருக்கா புள்ள?"

கோபத்தில் நானே வாயில் போட்டுக்கொண்டேன். வினாகிரிதான் புளித்தது.