கோவில்பதாகையில் ஒரு ஜப்பானியக் குளம்

ஓசூரில் சனிக்கிழமை இரவு ஏறிய பேருந்து என்னைப் பூந்தமல்லியில் இறக்கிவிட்டபோது விடிந்தும் விடியாமலும் இருந்தது. நடத்துநர் போட்ட சத்தத்தில் விழித்து, இருக்கைக்கு அடியில் ஓடிப்போயிருந்த ஒரு செருப்பைத் தேடிப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். வழியில் குத்தம்பாக்கத்துப் புதிய பேருந்து நிலையத்தின் விளக்குகளைப் பார்த்தது அரைகுறையாக ஞாபகம் இருக்கிறது. ஏதோ கப்பல் கரையில் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு மறுபடி தூங்கிவிட்டேன்.

நான் வந்தது ஒரு குளத்தைப் பார்க்க. அது ஜப்பானில் இருப்பதாக எழுதப்பட்டிருந்த குளம். அதைப் பார்க்க ஆவடிக்கு எதற்குப் போக வேண்டும் என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரரும் அதையேதான் கேட்டார்.

ஓசூரில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். போன இலையுதிர் காலத்தில் மூன்று வாரப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பினார்கள். போவதற்கு முன்னால், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்கிற அந்த இணையக் கலைக்களஞ்சியத்தில், ஜப்பானைப் பற்றித் தமிழில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அதில் ஒரு சின்ன மலையூர். ஊர்ப் பெயரை இங்கே வேண்டுமென்றே விடுகிறேன், காரணம் பிறகு புரியும். ரயிலடியிலிருந்து கோயிலுக்கு 1.4 கிலோமீட்டர் என்று சொல்லிவிட்டு அந்தக் கட்டுரை இப்படித் தொடர்ந்தது: ‘நடந்து களைத்தவர்கள் உட்கார, வழியில் இடப்பக்கம் ஒரு சிறிய குளமும் அதன் கரையில் ஒரு கல் இருக்கையும் உண்டு.’

கலைக்களஞ்சியத்தில் நீள அகலம் இருக்கும், மக்கள்தொகை இருக்கும். என் காலைப் பற்றிக் கவலைப்பட்ட கலைக்களஞ்சியத்தை அன்றுதான் பார்த்தேன். அந்த ஒரு வரிக்காகவே விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் ஒற்றைப் பெட்டி ரயிலில் போனேன். நடந்தேன். இடப்பக்கம் வாகன நிறுத்துமிடம் இருந்தது, ஐந்து கார்கள் இருந்தன, குளிர்பானம் தரும் இயந்திரம் ஒன்று தனியாக உறுமிக்கொண்டிருந்தது. குளம் இல்லை. திரும்பி வந்து மறுபடி நடந்தேன். சருகு கூட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் கைபேசி மொழிபெயர்ப்பை நீட்டிக் கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, குளத்தைத் தொலைத்தது தாமே என்பது போலக் குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

ஊர் திரும்பியதும், அந்தக் கட்டுரையின் நிறைகுறை பேசுவதற்கென்று உள்ள உரையாடல் பக்கத்தில் எழுதினேன்: ‘குளம் இல்லை. நான் போய்ப் பார்த்தேன்.’ கொஞ்சம் காட்டமாகவே எழுதினேன், கால் வலித்த கோபம். சில நாள் கழித்துப் பதில் வந்தது. ‘குளம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆவடிக்கு வந்தால் காட்டுகிறேன். தேவகி.’ புத்தியுள்ளவர்கள் இதற்கு மேல் கண்டுகொள்ள மாட்டார்கள். நான் பயணச்சீட்டு எடுத்தேன்.

காலை ஆறு மணி, பூந்தமல்லியை ஒட்டிய கரையான்சாவடி. கடைகள் இன்னும் ஷட்டரைத் தூக்கவில்லை. தேநீர் பதினைந்து ரூபாய், சர்க்கரை தாராளம். அங்கிருந்து ஆவடி ஒன்பது கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவுக்கு முப்பது ரூபாய்.

“உள்ள தள்ளிக் குந்து மேடம், இன்னும் ரெண்டு பேரு வந்துகினு கீறாங்கோ” என்றார் ஓட்டுநர். அந்த இரண்டு பேர் வருவதற்குள் நான் இன்னொரு தூக்கம் போட்டிருக்கலாம். கடைசியில் பூக்கூடையோடு ஒரு பெண் ஏறினார்.

“ஆவடில யாரு ஊட்டுக்கும்மா?”

“ஓசூர்லேர்ந்து வரேன். குளம் பார்க்கப் போறேன்.”

“கொளமா? அதுக்கு ஓசூர்லேர்ந்து வந்துகீறியா? இன்னா, வேண்டுதலா?”

“அப்படித்தான்னு வெச்சுக்குங்க.”

“வேண்டுதல்னா வெறுங்கையோட போவாத. ஒரு மொழம் வாங்கிக்க.” தை மாதத்து மல்லி. அறுபது சொன்னார், ஐம்பதுக்குக் கொடுத்தார்.

சென்னீர்குப்பம் தாண்டிக் கூவத்தைக் கடந்ததும் பனி இறங்கியிருந்தது. பருத்திப்பட்டு ஏரி வந்தபோது ஏரி இல்லை, வெள்ளைதான் இருந்தது. அதற்குள்ளிருந்து நடைப்பயிற்சி செய்கிறவர்கள் ஒவ்வொருவராக வெளிப்பட்டு, கையை வீசிக்கொண்டு மறுபடி உள்ளே போனார்கள். ஓட்டுநர் பாட்டை நிறுத்திவிட்டார். நான் எந்த நாட்டில் போய்க்கொண்டிருக்கிறேன் என்பது ஒரு நிமிடம் எனக்கே நிச்சயமாக இல்லை.

ஆவடி ரயில் நிலையத்தின் முன்னால், தேவகி அனுப்பியிருந்த இரண்டு பேர் காத்திருந்தார்கள். குமாருக்கு அம்பத்தூரில் ஃபிளெக்ஸ் பேனர் கடை. வாரம் முழுக்கக் காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் படம் அடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஜப்பானியக் கோட்டைகளைப் பற்றி எழுதுகிறார். பரிதா பூந்தமல்லியில் வங்கி ஊழியர். ஜப்பானிய மொழியை முறையாகப் படித்தவர், மற்றவர்கள் எழுதுவதற்கு ஆதாரம் சரியா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. அந்தக் கலைக்களஞ்சியத்தில் ஜப்பானைப் பற்றித் தமிழில் எழுதும் மொத்தக் குழுவும் தேவகியையும் சேர்த்து மூவர்தான். ஒருவரும் ஜப்பானைப் பார்த்ததில்லை.

“மேடம், நெசமாவே அங்க போய்ட்டு வந்தீங்களா?” குமார் என் செருப்பைப் பார்த்தார். அதில் ஜப்பானிய மண் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடினார் போல. “குளுரு எப்பிடி? மூச்சு வுட்டா பொகை வர்ர மாதிரியா?”

“காலையில வந்துச்சு.”

“பார்த்தியா பரிதாக்கா, நான் எழுதினது கரெக்ட்டு.”

நகரப் பேருந்தில் கோவில்பதாகைக்குப் போனோம். நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் இருக்கும். வழியில் தொழிற்சாலைக் குடியிருப்புகளின் நீளமான மதில்கள். மதிலுக்கு மேலே ஒரு தண்ணீர்த் தொட்டி பனியில் மிதந்தது.

“அதான் நம்ம கோட்டை” என்று கை காட்டினார் குமார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பரிதாதான் விளக்கினார். ஓர் ஊரைப் பற்றி எழுதும் முன் அதை நடந்து பார்த்துவிடுவது அவர்கள் வழக்கம். ஜப்பானுக்குப் போக முடியாது, ஆகவே வரைபடத்தில் உள்ள தூரத்துக்கு ஏற்ற ஒரு வழியை இந்தப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்வார்கள். அம்பத்தூர் ஏரி ஒரு தீவுக் கடலாக இருந்திருக்கிறது. கரையான்சாவடிக் கடைத்தெரு ஒரு பழைய தலைநகரத்தின் வீதியாக இருந்திருக்கிறது. “கிலோமீட்டர் கணக்கை அப்படியே பெயர்த்து எழுதினா செத்த மாதிரி இருக்குங்க. நடந்துட்டு எழுதினா வாக்கியம் தானா வரும்” என்றார்.

“ஆனா நடந்த எடத்துல பார்த்தத எழுதிறக் கூடாது. அதான் ரூல்ஸு” என்றார் குமார். அதைச் சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஏழே முக்காலுக்குக் கோவில்பதாகை நிறுத்தத்தில் தேவகி நின்றிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, தலைக்குக் கம்பளித் துண்டு, ஒரு காலை லேசாகச் சாய்த்து நடக்கிற நடை. அப்பா தூத்துக்குடியிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். குடியிருப்பில் பிறந்து வளர்ந்து, அதே தொழிற்சாலையின் பண்டகப் பிரிவில் இவரும் வேலை பார்க்கிறார். கையில் பூவைக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்காமல் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

“என் மேல கோவமா வந்திருப்பீங்க” என்றார்.

“இப்ப இல்லீங்க. அங்க நின்னப்ப இருந்துச்சு.”

“இதான் ரயிலடி.” பேருந்து நிறுத்தத்தைக் காட்டினார். “வாங்க, கோயிலுக்குப் போவோம்.”

அந்த நடையை நான் எப்படிச் சொல்வது? பனி இன்னும் விலகவில்லை. சாக்கடை மேல் போட்ட சிறு பாலத்தை “ஓடை” என்றார் பரிதா. அந்த ஊரில் அதே தொலைவில் ஓர் ஓடையை நான் தாண்டியிருந்தேன். வரிசையாக நின்ற தென்னைகளை “தேவதாரு” என்றார் குமார், தேவதாருக்கள் அங்கே நின்ற இடத்திலேயே. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, இவர்களின் நடை பழகிப்போயிருக்க வேண்டும். இரண்டு ஊர்களையும் பார்த்தவள் நான் ஒருத்திதான். ஆனால் நடக்க நடக்க, அந்த மலையூரை நான் முதலில் இங்கேதான் பார்த்தேன், ஜப்பானில் பார்த்தது இரண்டாம் தடவை என்று தோன்றத் தொடங்கியது. சுகமாக இருந்தது. இது முடியக் கூடாது என்று வெட்கமில்லாமல் ஆசைப்பட்டேன்.

இடப்பக்கம் வீடுகள் விலகின. குளம் வந்தது.

பெரிய குளம் இல்லை. ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பாதி இருக்கும். மழைக்காலத்துத் தண்ணீர் விளிம்பு வரை நின்றது. ஒரு மூலையில் ஆகாயத்தாமரை, நடுவில் ஒரு கம்பு, கம்பின் மேல் மீன்கொத்தி. கரையில் கல் பெஞ்சு, அதில் உபயம் தந்தவரின் பெயர் தேய்ந்துபோயிருந்தது. தேவகி போய் அதில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டார்.

“அன்னைக்கும் இங்கதான் உட்கார்ந்தேன். மூட்டு வலி தாங்கல. ராத்திரி வீட்டுக்குப் போய் எழுதினேனா, எது அங்க, எது இங்கன்னு எனக்குத் தெரியல. சத்தியமாத் தெரியல. நீங்க எழுதினதப் பார்த்துட்டுத்தான் ஆதாரத்த எல்லாம் புரட்டினேன். எதுலயும் கொளம் இல்ல.”

“அதை எடுத்துட்டாப் போதுமே. எதுக்கு என்னைக் கூப்பிட்டீங்க?”

அவர் குளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அந்தக் கட்டுரை நாளைக்குத் தளத்தோட முதல் பக்கத்துல வருது. ஆறு வருசமா எழுதுறேன், என்னோடது ஒண்ணு முதல் பக்கம் போறது இதான் முதல் தடவ. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பரிதா சரின்னு சொல்லணும். அது போனாக்கூடப் பரவாயில்ல. பொய் எழுதுறவன்னு ஒரு பேரு வந்துட்டா, இதுவரைக்கும் எழுதினது எல்லாத்தையும் சந்தேகமாப் பார்ப்பாங்க. எடுத்துட்டா எல்லார் கணக்குலயும் அது பொய்தான். ஒருத்தராவது வந்து, இல்ல, அப்படி ஒண்ணு இருக்குன்னு பார்த்துட்டுப் போகட்டும்னு நெனச்சேன்.”

கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினேன். குளம் இல்லை என்று நான் காட்டமாகத் தட்டிய ஐந்து சொற்கள் இவரை எத்தனை நாள் தூங்கவிடாமல் செய்திருக்கும்!

“இருக்குங்க. நான் பார்க்கிறேன்ல” என்றேன்.

தேவகி கைபேசியை எடுத்தார். எதை மாற்றினாலும் ஏன் மாற்றினோம் என்று எழுத அந்தத் தளத்தில் ஒரு சிறு கட்டம் உண்டு. வரியை அழித்துவிட்டு அந்தக் கட்டத்தின் முன் வெகுநேரம் விரலை நிறுத்தி வைத்திருந்தார். “ஆதாரம் இல்லைன்னு போடுக்கா” என்றார் பரிதா, மெதுவாக. தேவகி தலையசைத்தார், ஆனால் அதைப் போடவில்லை. ‘இந்தக் குளம் வேறு ஊரில் உள்ளது’ என்று எழுதினார். பரிதா எட்டிப் படித்தார். “இதுவும் சரிதான்” என்றார்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். “நீங்க கண்ணால பார்த்தது எங்களுக்கு ஆதாரம் ஆகாதுங்க. ஆனா நீங்க எடுத்த போட்டோ செல்லும். ஏதாவது இருக்கா?” இருந்தது. கோபத்தில் எடுத்தது: ஐந்து கார்கள், குளிர்பான இயந்திரம், பின்னால் மங்கலாக மலை. அந்த ஊருக்குத் தமிழில் அதுவரை ஒரு படமும் இல்லை. மூவரும் என் கைபேசியைக் கை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். தேவகி வாகன நிறுத்துமிடத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, அதன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப இந்தக் குளத்தைப் பத்தி ஒரு கட்டுரை எழுதலாமே?” என்று கேட்டேன்.

“இதப் பத்தி எங்கயும் அச்சுல ஒரு வரி கிடையாதுங்க” என்றார் தேவகி. “பேருகூட இல்ல. கொளம்னுதான் சொல்லுவாங்க. நாங்களா எழுதினா, நாங்களே அழிக்கணும்.”

“ஜப்பான்ல கார் நிறுத்துற எடத்துக்கு ப்ரூஃப் கீது, நம்ம ஊட்டாண்ட கீற கொளத்துக்கு இல்ல. இன்னா நாயம் மாமே இது?” என்று குமார் மீன்கொத்தியைக் கேட்டார். அது பறந்துவிட்டது.

அம்மன் கோயில் வரை நடந்து, “கோயில்” வந்துவிட்டதாக அறிவித்து, தேவகி வீட்டில் பொங்கலும் கத்தரிக்காய்க் கொத்சும் சாப்பிட்டோம். பிற்பகல் பூந்தமல்லிக்குத் திரும்பும்போது வெயில் சுள்ளென்று அடித்தது. பருத்திப்பட்டு ஏரி தன் இடத்தில் ஏரியாகவே கிடந்தது. காலையில் பார்த்த நாடு எங்கே போயிற்று என்று கேட்க ஆட்டோவில் ஆள் இல்லை.

மறுநாள் தொழிற்சாலை உணவு இடைவேளையில் முதல் பக்கத்தைத் திறந்தேன். தேவகியின் கட்டுரை இருந்தது, என் ஐந்து கார்களும் இருந்தன. ரயிலடிக்கும் கோயிலுக்கும் நடுவே 1.4 கிலோமீட்டர், களைத்தவர் உட்கார இடமில்லை. தேவகிக்கு முதல் பக்கம் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனாலும் அந்த வரி இருந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஓசூரில் எங்கள் தெருவிலும் பெயரில்லாதவை நிறைய உண்டு. ஒன்றுக்காகவும் நான் பேனாவை எடுத்ததில்லை. இந்தப் பயணக் கட்டுரையை எழுத உட்கார்ந்தது ஒரே காரணத்துக்காக. இடம் போதவில்லை என்றால் பத்திரிகை ஆசிரியர் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளட்டும், பூக்காரரை, பனியை, என் மூக்குச் சிந்தலைக்கூட. அடுத்த பத்தியை மட்டும் அச்சில் விட்டுவைக்க வேண்டும்.

ஆவடி மாநகராட்சி, கோவில்பதாகை. பேருந்து நிறுத்தத்திலிருந்து அம்மன் கோயிலுக்கு 1.4 கிலோமீட்டர். நடந்து களைத்தவர்கள் உட்கார, வழியில் இடப்பக்கம் ஒரு சிறிய குளமும் அதன் கரையில் ஒரு கல் இருக்கையும் உண்டு.