கூச்சிங்வரை சுக்கான் பிடித்தது நான்

அந்தப் பாய்மரப் படகு ஒரு வெள்ளைக்காரத் துரைக்குச் சொந்தம். அதைப் பராமரிக்கும் வேலை என் கணவருக்கு. நான் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஒரு துணிக்கடையின் பின்னறையில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். நின்றபடியே கிடந்தால் படகு கெட்டுவிடும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் அதைக் கடலுக்குள் எடுத்துப் போவார். நானும் கூடப் போவேன். சுக்கான் பிடிக்க அப்படித்தான் பழகினேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் துரைக்குக் கடலுக்கு அப்பால், போர்னியோத் தீவில் இருக்கும் கூச்சிங்குக்கு மாற்றல் வந்தது. அவர் விமானத்தில் போவார். படகை நாங்கள் இருவரும் ஓட்டிக்கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பெரிய பாய் நைந்துபோயிற்று, வாடைக்காற்று தொடங்கும் நேரம், புதுசு வேண்டும் என்று என் கணவர் மூன்று தடவை கேட்டார்.

"உன் பெண்சாதி தையல்காரிதானே? தைக்கச் சொல்" என்றாராம் துரை.

தைத்தேன். ஊசி இறங்கிய இடமெல்லாம் துணி பொடியாக உதிர்ந்தது. துரையே ஏறிப் போகும் படகின் பாயாக இருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாரா?

மூன்றாம் நாள் காலை, சுற்றிலும் கரை தெரியாத கடலில், வடகிழக்கிலிருந்து காற்று சீறிக்கொண்டு வந்தது. பாய் மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. அதை இறக்கப் போனவரைப் பாயின் அடிக்கட்டை சுழன்று வந்து தோளில் அடித்தது. நான் இழுத்துவந்து கீழே படகின் உள்ளறையில் கிடத்தினேன். அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது.

"எலும்பு ஒடிஞ்சிருச்சு. கை தூக்க முடியல. நீ போய் சுக்கானைப் பிடி."

"எனக்குத் தனியா ஓட்டத் தெரியாதுங்க!"

"நான் இங்கேருந்து சொல்றேன். காம்பஸ்ல முள்ளு நகராம பாத்துக்க. வேற எதையும் பாக்காத."

முன்பக்கச் சின்னப் பாய் ஒன்றுதான் மிச்சம். படகில் இருந்த சின்ன இயந்திரமும் கடல்நீர் புகுந்து ஓடவில்லை. சேலைத் தலைப்பால் என்னை இருக்கையோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அலை பக்கவாட்டில் எழும்போது மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கை விட்டுவிடும் என்று பயம். அன்று முழுக்கவும் மறுநாள் மதியம்வரையும் விட்டு எழவில்லை. இடையிடையே அவர் கீழேயிருந்து குரல் கொடுப்பார். குரல் வராவிட்டால் நான் கத்துவேன்: "இருக்கீங்களா?" "இருக்கேன் லா" என்பார். காற்று கொஞ்சம் அடங்கிய பிறகுதான் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து அவருக்கு ஊட்டிவிட்டு ஓடிவந்தேன். கூச்சிங் ஆற்று முகத்துவாரத்து மலை கண்ணில் பட்டபோது எனக்கு அழுகைதான் வந்தது.

துறையில் துரை நண்பர்களோடு நின்றிருந்தார். கட்டுப்போட்ட கையோடு இறங்கியவரின் முதுகைத் தட்டி, நண்பர்களிடம் திரும்பி ஏதோ சொல்ல, எல்லோரும் கைதட்டினார்கள். "என்ன சொல்றாரு?" என்று கேட்டேன்.

"ஒத்தக் கையால ஓட்டிட்டு வந்துட்டான்னு என்னைப் பாராட்டறாரு. அந்தப் பாயைக் கிழிச்சது என் கவனக்குறைவுதான், ஆனா மன்னிச்சுட்டேன்னும் சொல்றாரு."

"நீங்க ஏன் சும்மா நிக்கிறீங்க?"

"வேலை போயிடும் லா."

என் உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கைகளைத் துரையின் முகத்துக்கு நேரே நீட்டினேன். எனக்கு ஆங்கிலம் வராது; மலாய் வரும். நான்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன், பாய் நைந்தது என்று மூன்று தடவை சொல்லியும் கேட்காதவர் நீங்கள் என்று உரக்கச் சொன்னேன். துறையில் நின்ற மலாய்க்காரர்கள் சிரித்துவிட்டார்கள். துரைக்கும் மலாய் புரியும். முகம் சிவந்து, "இவளை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போ" என்று என் கணவரிடம் மலாயிலேயே சொன்னார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு துரையிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். நான்கைந்து வார்த்தைதான். கைதட்டியவர்கள் ஒவ்வொருவராக வேறு பக்கம் பார்த்தார்கள்.

"என்ன சொன்னீங்க?"

"என் பெண்சாதி சொல்றது அத்தனையும் உண்மைன்னேன்."

அந்த வாரமே வேலை போயிற்று. கப்பலில் சிங்கப்பூர் திரும்பினோம். எலும்பு கூடும்வரை நான் தைத்துத்தான் குடும்பம் நடந்தது. பிறகு ஜூரோங்கில் கப்பல் பட்டறை தொடங்கியபோது அவருக்கு அங்கே வேலை கிடைத்தது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கைதட்டலை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. மன்னித்தாராம்! யார் யாரை மன்னிப்பது?