குமாரசாமி படித்த ஜப்பானிய இலக்கணம்

1955இல் மலேயாவிலிருந்து ஊர் திரும்பிய சின்னான், அனுப்பர்பாளையத்து அமராவதியிடம் நாலாக மடித்த ஒரு தாளைக் கொடுத்தார். அவள் கணவர் வேலுமணியும் சின்னானும் ஒரே ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். யுத்தத்தின்போது ஜப்பான்காரர்கள் இருவரையும் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள்.

"காய்ச்சலா படுத்திருந்தாருங்க. நான் வேலை முடிஞ்சு வந்தப்ப ஆளைக் காணோம். அங்கிருந்த ஜப்பான்காரன் ஆத்துப் பக்கம் கையைக் காட்டி இதைக் குடுத்தானுங்க. படகுல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாங்கன்னு நெனைச்சேன்."

தாளில் மூன்று வரிகள் இருந்தன. அமராவதி அதைத் தம்பி குமாரசாமியிடம் நீட்டினாள். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் சரக்கு அனுப்பும் குமாஸ்தா அவர், இங்கிலீஷ் தெரிந்தவர். கோயமுத்தூர் பழைய புத்தகக் கடையில் ஒரு ஜப்பான்–இங்கிலீஷ் அகராதியைத் தேடிப்பிடித்தார். அதன் முன்பக்கத்தில் எழுத்து அட்டவணை இருந்தது. ஒரு மாதத்தில் எழுத்துக் கூட்டிவிட்டார். 'பேருமணி' என்று வந்தது. அந்த அட்டவணையில் 'வே'யும் 'லு'வும் இல்லை; அது வேலுமணிதான் என்று பிடிபட்டது.

மற்றச் சொற்களின் முன்பாதிதான் அகராதியில் அகப்பட்டது. வாலை விட்டுவிட்டுப் பொருள் எழுதினார். காய்ச்சல். வீடு, திரும்புதல், முடியும். ஆறு, பக்கம். கடைசிச் சொல் 'உமே' என்று தொடங்கியது. அகராதி ப்ளம் மரம் என்றது.

"ஊட்டுக்குத் திரும்ப முடியும்னு எழுதியிருக்குதுங்க்கா. ஆத்தோரமா ஏதோ பழமரம் இருக்குதாமா. அங்கதான் மச்சானை வெச்சிருக்கோணும்."

அமராவதி பன்னிரண்டு வருடங்களாகத் தம்பி வீட்டில் இருந்தவள். மறுவாரமே பூட்டிக் கிடந்த கணவர் வீட்டைத் திறந்து சுண்ணாம்பு அடித்தாள். "வந்தா நேரா இங்கதானே வருவாரு?" என்றாள். ப்ளம் பழம் எப்படி இருக்கும் என்று அடிக்கடி கேட்பாள். குமாரசாமியும் பார்த்ததில்லை.

ஜப்பானுக்கே கடிதம் எழுதி விசாரிக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அதற்கு இலக்கணம் வேண்டும். மதராசுக்குச் சொல்லியனுப்பி ஒரு புத்தகம் வாங்கினார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பனியன் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து படிப்பார். ஒரு பாடம் முடிந்தால் கம்பெனி விஷயத்தையே வைத்துப் பத்து வாக்கியம் எழுதிப் பார்க்காமல் அடுத்த பாடத்துக்குப் போவதில்லை. நூல் வந்தது, மழை பெய்தது, முதலாளி சிரித்தார். வினை கடைசியில் வந்தது. வேற்றுமை உருபு பெயரின் பின்னால் ஒட்டியது. நம்ம பேச்சு மாதிரியே இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டார்.

1959 ஆவணியில் ஒன்பதாம் பாடம். இன்று நூல் வரவில்லை என்று அட்டையில் எழுதினார். 'கிமாசென் தெஷ்தா.' எழுதிய வால் எங்கோ பார்த்ததாக இருந்தது. பையிலிருந்து தாளை எடுத்தார். 'தெகிமாசென் தெஷ்தா.' முடியவில்லை.

கடைசிச் சொல்லுக்கு வந்தார். 'உமேமாஷ்தா.' நடந்து முடிந்த செயலுக்கு வரும் வால். மரத்துக்கு ஏது இறந்தகாலம்? மறுபடி அகராதியைப் புரட்டினார். உமேரு: புதைத்தல்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்கு நடந்தார். அவள் வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"தப்பாப் படிச்சுட்டேனுங்க்கா. மச்சானால திரும்ப முடியலைன்னு எழுதியிருக்குது."

"அந்த மரம்?"

"மரமில்லீங்க்கா. ஆத்தோரமாப் பொதைச்சாங்களாமா."

அவள் கையிலிருந்த மிளகாயைக் கீழே வைத்தாள். பிறகு, "முடியலைங்கறதை அத்தனை கடைசியிலயா வெப்பாங்க?" என்றாள்.

"நம்ம பேச்சுலயும் அப்படித்தானுங்க்கா."

"உனக்குத் தெரியலைன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம் கண்ணு. நான் நாலு வருசம் தெனமும் ரெண்டு பேருத்துக்குப் பொங்கியிருக்கறேன்."

குமாரசாமி மிளகாயைப் பார்த்தபடி நின்றார்.

நொய்யல் கரையில் காரியம் நடந்தது. அமராவதி அந்த வீட்டைவிட்டு வரவில்லை. தம்பியோடு பகையும் இல்லை. நல்லது கெட்டதுக்கு வந்துபோனாள். ஆனால் எந்தக் கடிதத்தையும் அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னதில்லை. தமிழில் வந்த கடிதத்தையும் பக்கத்து வீட்டுக்கு எடுத்துப் போனாள். 1972இல் அவள் இறக்கும்வரை அப்படித்தான்.

குமாரசாமி பத்தாம் பாடத்தைத் திறக்கவே இல்லை.