வட்ட வாளும் என் ஜரிகைத் துண்டும்

கொல்லத்துக்கு ரயில் ஓட ஆரம்பித்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியாராக இருந்தேன். வயது நாற்பது. பன்னிரண்டு வருஷம் வாடகை வீடுகளில் காலம் தள்ளிவிட்டு, அந்தக் கோடை விடுமுறையில்தான் சொந்தமாக ஒரு வீடு கட்டத் துணிந்திருந்தேன். தலைவாசல் நிலை வைக்க வைகாசியில் நாள் குறித்தாயிற்று. அந்த நாளைத் தவறவிட்டால் ஆவணிவரை காத்திருக்க வேண்டும் என்று சோசியர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து என் மனைவி என்னைத் தூங்கவிடவில்லை.

நிலைக்கு மரம் தயாராக இருந்தது. என் மைத்துனன் களக்காட்டில் அலைந்து திரிந்து நல்ல வேங்கை மரம் ஒன்றை வாங்கி மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கியிருந்தான். அறுப்பதுதான் பாடாகிவிட்டது. கைவாள் ஆட்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் பள்ளத்தில் நிற்க, ஒருவர் மேலே நிற்க, மாறி மாறி இழுத்து அறுத்து முடிக்க மூன்று வாரமாகும் என்றார்கள். எங்களிடம் இருந்ததோ பன்னிரண்டு நாள்.

"அத்தான், ரயில் டேசன் பக்கம் ஒரு மரக்கிட்டங்கில ஆவி எஞ்சின் வச்சு வாள் ஓட்டுதாங்களாம். ஒரு காலைப்பொழுதுல முடிச்சிருவாங்களாம்" என்றான் மைத்துனன்.

எனக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் வேறு வழியில்லாததால் வெள்ளிக்கிழமை காலையில் வண்டி கட்டி மரத்தை ஏற்றினோம். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் வாள் மரத்தில் இறங்கிவிட வேண்டும் என்று கணக்கு. எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கமும் உண்டு. நிலைக்கட்டையை அறுக்கும்போது வீட்டுக்காரன் குளித்து, நெற்றி நிறைய நீறு பூசி, இருப்பதில் நல்ல துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, முதல் அறுப்பு விழும்போது மரத்தின் மேல் ஒரு கையை வைத்திருக்க வேண்டும். என் தகப்பனாரும் அப்படித்தான் செய்தார். அதற்காகவே, கல்யாணத்தில் மாமனார் போட்ட ஜரிகைத் துண்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கிட்டங்கியில் வாளை ஓட்டியவர் ஓர் இளைஞர். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மேலப்பாளையத்துக்காரர், ரங்கூனில் மர ஆலையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். ரங்கூன் என்பது எனக்குப் பள்ளிக்கூடத்துப் படத்தில் பிரம்பால் தொட்டுக் காட்டுகிற ஒரு புள்ளி. அவர் அந்தப் புள்ளிக்குள் ஆறு வருஷம் குடியிருந்திருக்கிறார். அப்படியும் அன்று காலை என் மனசுக்குள் அவர் வெறும் 'வாள்காரப் பையன்'தான். இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

இறக்கியதும் மரத்தை அவர் உடனே அறுத்துவிடவில்லை. கோடாலியின் பின்பக்கத்தால் நெடுகத் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"அண்ணாச்சி, இந்த மரத்துல ஆராவது பேய் ஓட்டி ஆணி அடிச்சிருக்காங்களா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"ரங்கூன்ல இந்தத் தொல்லை கெடையாது. இங்கன வந்த பொறவு ரெண்டு வாள் பல்லு போச்சு. மரத்துக்குள்ள ஆணி இருந்தா பேய் போகுதோ இல்லியோ, தெறிச்சா நம்ம கண்ணு போயிரும்" என்றார்.

ஆணி இல்லை என்று தெரிந்ததும், எங்களை உள்ளே கூட்டிப்போய் ஒவ்வொன்றாகக் காட்டினார். சும்மா சொல்லக்கூடாது, பூகோளம் நடத்துகிற நானே அவ்வளவு தெளிவாக நடத்தியதில்லை. வெளியே கொட்டகையில் எஞ்சின். அதற்குத் தீனி மரத்தூளும் சிராயும். எஞ்சின் சக்கரத்திலிருந்து ஒரு சாண் அகலத் தோல் பெல்ட் சுவர் வழியாக உள்ளே வருகிறது. உள்ளே நீளமான இரும்பு மேசை. அதன் நடுவில் பாதி மேலேயும் பாதி கீழேயுமாக வட்ட வாள், வண்டிச் சக்கரத்தில் முக்கால் உயரம். பற்களை உற்றுப் பார்க்கச் சொன்னார். ஒரு பல் இடது பக்கமும் அடுத்தது வலது பக்கமுமாகச் சாய்ந்திருந்தன. அப்படிச் சாய்த்தால்தான் அறுப்பு அகலமாக விழுந்து வாள் மரத்தில் சிக்காதாம். வாளுக்குப் பின்னால் ஓர் இரும்பு ஆப்பு நின்றது. அறுபட்ட மரம் மறுபடி சேர்ந்து வாளைக் கவ்விக்கொள்ளாமல் அது பிரித்து வைக்கும். "கவ்விட்டா மரம் பின்னால பாஞ்சு வந்து நெஞ்சுல அடிக்கும். அதான் நேர் பின்னால ஒருத்தரும் நிக்கப்படாது" என்றார்.

வாளின் அச்சில் ஒட்டினாற்போல் இரண்டு சக்கரங்கள். ஒன்று அச்சோடு இறுக்கியது. மற்றது அச்சில் சும்மா சுற்றுவது. பக்கத்தில் இருக்கிற தடியை இப்படித் தள்ளினால் பெல்ட் இறுக்கிய சக்கரத்துக்கு வரும், வாள் ஓடும். அப்படித் தள்ளினால் சும்மாச் சக்கரத்துக்குப் போய்விடும், வாள் நின்றுவிடும்.

"ஒடனே நின்னுராது. பத்து எண்ணுத நேரம் தன்னால சுத்தும். அந்தப் பத்துதான் பொல்லாதது" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "குடுமிய நல்லா இறுக்கி முடிஞ்சுக்கிடுங்க அண்ணாச்சி. வேட்டியத் தார்ப்பாச்சாக் கட்டுங்க. துண்டக் கழத்தி அந்த முளையில போட்டுருங்க."

குடுமியை முடிந்துகொண்டேன். வேட்டியையும் தார்ப்பாய்ச்சிக் கட்டினேன். துண்டு என்றதும் எனக்குச் சுருக்கென்றது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்தில் அன்று தோளில் கிடக்கும் துண்டு வெறும் துணியல்ல. எனக்குக் கீழே உள்ளவன் என்று ஊர் நினைக்கிறவன் என் முன்னால் வந்தால் துண்டைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பான். நான் எனக்கு மேலே உள்ளவர் முன்னால் இறக்குவேன். அப்படியிருக்க, மரம் தூக்குகிற ஆறேழு பேர் வேடிக்கை பார்க்கையில், ஒரு வாள்காரர் சொல்லி, ஓர் எந்திரத்துக்கு முன்னால் நான் துண்டை இறக்குவதா?

"அது இருக்கட்டும். நீர் வாளை ஓட்டும்" என்றேன்.

"துண்டு இருந்தா ஓட்டமாட்டேன் அண்ணாச்சி."

"தோள்ல துண்டு இல்லாம நெலைக்கட்டை அறுக்கத எங்க குடும்பத்தில ஆரும் பாத்ததில்ல வே."

இரண்டு பேரும் அசையவில்லை. மைத்துனன் சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தான். பத்து மணி தாண்டிவிட்டது. "அத்தான், எங்க அப்பா போட்ட துண்டு, நான் பத்திரமாப் பிடிச்சுக்கிடுதேன், குடுங்க" என்று கையை நீட்டினான். நான் அவனைப் பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டான். கடைசியில் அந்த இளைஞர்தான் இறங்கி வந்தார். கரித்துண்டால் தரையில் ஒரு கோடு போட்டார்.

"சந்தனம் குங்குமம் இப்பமே வச்சுருங்க. வாள் ஓடும்போது இந்தக் கோட்டுக்கு அங்கனயே நிக்கணும். மரத்துல கை வைக்கப்படாது. சரியா?"

சரி என்றேன். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தோடு மரத்துக்குப் பொட்டு வைத்துவிட்டுக் கோட்டுக்கு அப்பால் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

தடியைத் தள்ளினார். வாள் முனகிக்கொண்டு கிளம்பி, பிறகு பல்லே தெரியாமல் பளபளவென்று ஒரே வட்டமாகிவிட்டது. மரத்தை மேசையில் பைய நகர்த்தினார். வாள் தொட்டதும் எழுந்த சத்தத்தில் என் மைத்துனன் காதைப் பொத்திக்கொண்டான். தூள் மழையாகக் கொட்டியது. கொட்டகை முழுக்க வேங்கையின் வாசம். மூன்று வாரம் என்று சொன்ன மரம், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரவிக்கைத்துணி மாதிரி கிழிந்துகொண்டு போனது. பிளந்த பக்கம் செக்கச்செவேலென்று தெரிந்தது. ஐயோ, அந்த நிறம்! எனக்கு நெஞ்சு பொங்கிவிட்டது. என் வீடு, என் தலைவாசல் என்ற நினைப்பைத் தவிர வேறொன்றும் அப்போது எனக்குள் இல்லை. முதல் அறுப்பு முடிவதற்குள் ஒரு தடவை கை வைத்துவிட வேண்டும் என்று ஆசை வந்து, கோட்டைத் தாண்டிக் குனிந்துவிட்டேன்.

மரத்தைத் தொட்டேனா என்பது இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. தோளில் வெடுக்கென்று ஓர் இழுப்பு. துண்டின் ஜரிகை முனை மேசைக்கு அடியில் சுற்றிய அச்சில் மாட்டிக்கொண்டது. புத்தியுள்ளவன் என்ன செய்வான்? விட்டுவிடுவான். நான் இரண்டு கையாலும் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்! பத்துப் பேர் முன்னால் துண்டு தோளைவிட்டுப் போகக்கூடாது என்பதுதான் அந்த நொடியில் எனக்குத் தோன்றியது. உயிர் இரண்டாவதாகத்தான் ஞாபகம் வந்தது. அதற்குள் முழங்கால் மேசையில் இடிக்க, முகம் வாளைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன்.

அந்த இளைஞர் காலால் தடியை உதைத்தார். பெல்ட் சும்மாச் சக்கரத்துக்குத் தாவிவிட்டது. ஆனால் வாள் நிற்கவில்லை. அந்தப் பொல்லாத பத்து ஓடிக்கொண்டிருந்தது.

"விடும் வே! துண்ட விடும்! ஏலே, கைய விடுலே!"

வாத்தியாரான பிறகு என்னை யாரும் 'லே' என்று கூப்பிட்டதில்லை. அப்படியும் நான் விடவில்லை. அவர் மரம் தள்ளுகிற கம்பை எடுத்து என் மணிக்கட்டில் ஓங்கி ஒரு போடு போட்டார். கை தானாகத் திறந்துகொண்டது. மாமனார் துண்டு சுருட்டிக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டது. அதே சமயம் பின்னாலிருந்து மைத்துனன் என் வேட்டியைப் பிடித்துப் பலங்கொண்ட மட்டும் இழுக்க, நான் ஒரு பக்கமும் வேட்டி ஒரு பக்கமுமாகப் போய் விழுந்தோம்.

கண்ணைத் திறந்தபோது மரத்தூள் குவியல்மேல் கோவணத்தோடு மல்லாந்து கிடந்தேன். நெற்றி நீறெல்லாம் தூளோடு தூளாகிவிட்டது. வாள் முனகி முனகி நின்றது. சுற்றி இருந்தவர்கள் சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். மைத்துனன் என் வேட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, "அத்தான், இதையாவது காப்பாத்திட்டேன்" என்றான்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தச் சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிறகு கொட்டகையே சிரித்தது. எஞ்சினுக்கு மரத்தூள் போடுகிறவர் வெளியிலிருந்து ஓடிவந்து என்னவென்று கேட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தார். உயிரோடிருப்பது இவ்வளவு வேடிக்கையான விஷயம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

சிரிக்காதவர் அந்த இளைஞர் ஒருவர்தான். கம்பைக் கீழே போட்டுவிட்டு மேசைக் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் வேட்டியைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் போய், தப்பு என்னுடையதுதான் என்றேன்.

"இல்ல அண்ணாச்சி. தப்பு எம்மேலதான். துண்டு இருந்தா ஓட்டமாட்டேன்னு சொன்னவன் அதுலயே நின்னிருக்கணும். பெரிய மனுஷராச்சேன்னு மரியாத பாத்துக் கோடு போட்டேன் பாருங்க. மரியாத பாத்தே ஒரு மனுஷர மவுத்தாக்கி இருப்பேனே" என்றார். கண் கலங்கியிருந்தது. "அல்லா ஒங்களுக்கு ஹயாத்தப் போட்டிருக்கான், ஆயுசு கெட்டி."

என்னை அடித்தவர் என்னிடமே மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு அவர் எழுந்து, அச்சில் இறுகியிருந்த ஜரிகையை உளியால் நறுக்கி எடுத்தார். வாளின் பற்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"மணி பத்தரை ஆயிட்டு. ராகு காலம். பன்னெண்டு வர நிப்பாட்டி வைக்கணுமா அண்ணாச்சி?"

மைத்துனன் என்னைப் பார்த்தான். பாதி அறுத்த மரம் மேசையில் சிவப்பாகத் திறந்துகிடந்தது.

"இவ்வளவு நல்ல நேரம் எனக்கு இனிமே வராது தம்பி. ஓட்டுங்க" என்றேன்.

வெற்று மார்போடு, கோட்டுக்கு இரண்டடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மரம் தூக்குகிற ஆட்களும் அப்படித்தான் நின்றார்கள். பார்க்கிறவர்களுக்கு இதில் யார் வாத்தியார் என்று தெரிந்திருக்காது. நண்பகலுக்குள் நிலைக்கு வேண்டிய நான்கு கட்டையும் அறுபட்டு அடுக்கியாயிற்று.

வீட்டில் மைத்துனன் நடந்ததை நடித்துக் காட்டியபோது என் மனைவி அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு வீங்கிய என் மணிக்கட்டில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே, "அந்தப் புள்ளைக்கு நெலை வைக்குத அன்னைக்கு எலை போட்டுச் சோறு வைக்கணும்" என்றாள். வைகாசியில் குறித்த நாளிலேயே நிலை நின்றது. அவர் வந்தார். வந்ததும் வராததுமாக வாசலில் எல்லாருக்கும் கேட்கும்படி, "அண்ணாச்சி, இன்னைக்குத் துண்டு போட்டுக்கிடலாம்" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. என் சிரிப்புதான் எல்லாவற்றிலும் சத்தமாக இருந்தது.

பள்ளிக்கூடம் திறந்த அன்று, எங்களுக்குத் தண்ணீர் எடுத்து வைக்கிறவர் வழக்கம்போல் என்னைக் கண்டதும் துண்டை இறக்கி இடுப்பில் கட்டப் போனார். பத்து வருஷமாகப் பார்த்த காட்சிதான். அன்று எனக்கு ஆறிப்போன மணிக்கட்டு மறுபடி வலித்தது. "அது தோளிலேயே கிடக்கட்டும்" என்றேன். ஏதோ தப்பு செய்துவிட்டோம், வேலை போகப்போகிறது என்று பயந்து அவர் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். நான் சொல்வது நிஜம்தான் என்று அவர் நம்புவதற்கு ஒரு மாதம் ஆயிற்று.

மணிக்கட்டு வீக்கம் ஒரு வாரத்தில் வற்றிவிட்டது. இன்று எனக்கு எழுபது தாண்டிவிட்டது. பிடிவாதம் பிடிக்க மனிதனுக்கு விஷயமா இல்லை? ஆனாலும் அதன் பிறகு யாராவது என்னைப் பார்த்து 'விட்டுவிடும்' என்று அதட்டினால், சொல்கிறவர் யார், பெரியவரா சின்னவரா என்று நான் பார்ப்பதில்லை. முதலில் கையைத் திறந்துவிடுகிறேன், ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்கிறேன்.