பூவம்மாள் போட்ட முடிச்சு

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்த பூவம்மாள் படித்தது மூன்றாம் வகுப்பு. என்னைவிட இரண்டு குறைவு. நான் ஐந்தோடு நிறுத்திக்கொண்டேன். மேலே படித்திருந்தால் இன்று யாரிடமாவது கைகட்டிச் சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பேன். எளாவூரில் லாரிக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றிக்கொண்டிருந்தவன், கும்மிடிப்பூண்டியில் எட்டு பிரஸ் மெஷினோடு சொந்தப் பட்டறை வைத்திருக்க முடியுமா?

இருக்கட்டும், இது பூவம்மாள் கதை. வயது நாற்பத்தாறு. வலை பின்னி வளர்ந்தவள். ஏரியில் மீன் குறைந்ததும் பொன்னேரி வந்து ரயிலேறி என் பட்டறைக்கு வர ஆரம்பித்தாள். பதினோரு வருஷம் ஆகிறது. வேலைக்குச் சேர்க்கும்போதே கையைப் பார்த்துத்தான் சேர்த்தேன். நான் தேர்ந்தெடுத்த ஆள் சோடை போனதில்லை.

போன வருஷம் சென்னையிலிருந்து பார்த்திபன் என்ற இன்ஜினியர் வந்தார். ரொட்டிப் பாக்கெட் அளவில் செயற்கைக்கோள் செய்கிற கம்பெனியாம். ஆறு மாதம் கம்ப்யூட்டரில் வடிவமைத்த ஆன்டெனா, செய்து கொடுங்கள் என்று படத்தைத் திறந்து காட்டினார். பார்த்தேன். கொத்தனார் பையில் கிடக்கிற அளவு டேப்! அதே வளைந்த எஃகுப் பட்டை, ஒரு முழத்துக்குச் சற்று மேல். அதைப் பெட்டியைச் சுற்றி மடித்து, ஒரு தகட்டுத் துளை வழியே நைலான் நரம்பை விட்டு இழுத்துக் கட்ட வேண்டும். வானத்துக்குப் போனதும் ஒரு சின்னக் கம்பி சூடாகி நரம்பை அறுக்கும். பட்டை விருட்டென்று நிமிரும். நிமிராவிட்டால் கோடிக்கணக்கில் செலவழித்து அனுப்பிய பெட்டி ஊமை. அத்தனை பெரிய விஞ்ஞானமும் ஒரு முடிச்சை நம்பியிருந்தது. முடிச்சுப் போட்டவள் பூவம்மாள்.

பட்டறையிலேயே பத்து முறை சோதித்ததில் மூன்று முறை பட்டை நிமிரவில்லை. பார்த்திபன் தாளை எடுத்து எழுதினார்: 'காரணம்: முடிச்சுப் பிழை. கட்டியவர்: பூவம்மாள்.' நாளையிலிருந்து வேறு ஆள் கட்டட்டும் என்றும் சொன்னார். அந்தத் தாள் சென்னைக்குப் போய்விட்டால் பூவம்மாள் கையை அப்புறம் எவன் நம்புவான்?

"இன்னா சார் எழுதிக்கினு கீற? படிச்சிக் காட்டு," என்றாள்.

படித்துக் காட்டினார்.

"என் முடிச்சா? நான் போட்ட வலையில ஒரு எறா தப்பிச்சதில்ல."

"டேட்டா அப்படித்தான் சொல்லுதுக்கா."

"அது சொல்றது இருக்கட்டும். நீ கண்ணால பாத்தியா?"

பார்க்கவில்லை. பட்டை சிக்கினால் கையால் இழுத்துவிட்டு, நரம்பை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் திரையைப் பார்ப்பதுதான் அவர் வழக்கம். பூவம்மாள் குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள். பொறுக்கிய துண்டுகளை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை. மூன்று துண்டுகளில் மட்டும் சுட்ட நுனியில் கடுகளவு உருண்டை.

"நைலான சுட்டா நுனி உருகி உருண்டையாவும் சார். முடிச்சு உருவிக்காம இருக்க எங்க ஊட்டு ஆம்பளைங்க பீடி நெருப்புல அதுக்குன்னே சுடுவாங்க. உன் தகட்டுல நரம்பு போற ஓட்டை ஊசி முனையாட்டம் கீது. உருண்டை அதுல மாட்டிக்கினு நிக்குது. நீயே தாப்பா போட்டுட்டு என்மேல பழி போடறியே!"

"ஆறு மாசம் டிசைன் பண்ணேன்க்கா..."

"பண்ணு, யார் வேணான்னா? நடுவுல ஒரு தபா நுனியையும் பாத்திருக்கலாம்."

நான் அரத்தை எடுத்தேன். நரம்பு பக்கவாட்டில் வழுக்கி வெளியேறும்படி துளையின் ஓரத்தை ராவித் திறந்துவிட்டேன். இரண்டு நிமிஷ வேலை. இந்த வயதிலும் கோடு விலகாத கை எனக்கு. அதற்குப்பின் இருபது முறை சோதித்தோம். பூவம்மாள்தான் கட்டினாள். இருபதும் நிமிர்ந்தது.

"டிசைன் ஆப்டிமைஸ் ஆயிடுச்சு," என்று பார்த்திபன் கைதட்டினார். என் அரத்துக்கு இவ்வளவு பெரிய பட்டம் இதுவரை கிடைத்ததில்லை. பிறகு புதுத் தாள் ஒன்றை எடுத்தார்.

"புதுசு வேணாம் சார். பழசுலயே என் பேரை அடி."

"ஆபீஸ் தாள்க்கா, அடிச்சுத் திருத்தக் கூடாது."

"பாக்காம எழுதலாம், பாத்துட்டு அடிக்கக் கூடாதா?"

பார்த்திபன் என் முகத்தைப் பார்த்தார். நான் அரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அடித்தார். 'துளைப் பிழை' என்று எழுதினார். 'வடிவமைத்தவர்:' என்பதற்கு எதிரே பெயரிடத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

பூவம்மாள் அந்த இடத்தில் விரலை வைத்தாள். "இங்க யாரு பேரு சார்?"

எழுதினார். அழகான கையெழுத்து. படித்தவர் அல்லவா!